மூடியைத் திறக்கும் நொடியில் மூளைக்குள் என்ன நடக்கிறது?

எங்கள் வீட்டு அடுப்படி அலமாரியின் மேல்தட்டில் பச்சை நிற மைலோ டின் ஒன்று இருந்தது. எனக்கு அப்போது ஐந்து வயது; நாற்காலி போட்டு ஏறினால்தான் விரல்நுனி எட்டும். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில், அம்மா எண்ணெய்ச் சட்டி வைத்த மறுநாள், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து அதை இறக்கினேன். கரண்டிக் காம்பை மூடியின் விளிம்பில் கொடுத்து நெம்பினேன். 'டப்' என்று திறந்தது. உள்ளே முறுக்கு இல்லை, புளி இருந்தது. கறுத்து, பிசுபிசுத்து, நாரும் கொட்டையுமாக ஒரு கிலோவுக்குக் குறையாத புளி.

நாற்பது ஆண்டு கழிந்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ டின்களில் முறுக்கு கிடைத்திருக்கிறது. அவற்றில் ஒன்றுகூட நினைவில் இல்லை. புளி மட்டும் அப்படியே இருக்கிறது. கரண்டிக் காம்பு சற்று வளைந்ததும், அதற்காக வாங்கிய அடியும்கூட.

ஏன் அப்படி? மூளையை ஆராய்கிறவர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: எதிர்பார்ப்புப் பிழை. கேட்கும்போது தேர்வுத்தாளில் சிவப்பு மையால் சுழித்ததுபோல் இருக்கிறது. உண்மையில் இது மூன்றாம் வகுப்புக் கழித்தல் கணக்குத்தான். கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழிக்க வேண்டும். எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகக் கிடைத்தால் விடை கூட்டல் குறியோடு வரும். குறைந்தால் கழித்தல் குறியோடு வரும். முறுக்கு நினைத்து முறுக்கே கிடைத்தால் விடை பூச்சியம். பூச்சியத்தை மூளை பெரிதாகக் குறித்துவைப்பதில்லை. முறுக்கு நினைத்துப் புளி கிடைத்தால் அதை விடாது.

பெட்டி, டப்பா, டின், பொட்டலம், சுருக்குப்பை என்று எதைத் திறந்தாலும் நமக்குள் ஒரு சின்னக் குறுகுறுப்பு எழுகிறதல்லவா, அதன் வேர் இந்தக் கணக்கில் இருக்கிறது. உள்ளே தின்பண்டம் இருந்தால் குறுகுறுப்பு இன்னும் கூடும். ஆனால் அது தின்பண்டத்தின் சுவையால் மட்டும் வருவதில்லை. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இதைக் கண்டறிய உதவியவை குரங்குகள். சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர்க் பல்கலைக்கழகத்தில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர், குரங்குகளின் நடுமூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களை மெல்லிய மின்முனை கொண்டு கவனித்துவந்தார். குரங்கின் வாயில் எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு விழும். உடனே அந்த நரம்பணுக்கள் படபடவென்று துடிக்கும். இனிப்பு கிடைத்த மகிழ்ச்சி என்று யாரும் எண்ணுவார்கள். அடுத்ததாக, சாறு விழுவதற்குச் சற்று முன்பு ஓர் அறிகுறியைக் காட்டினார்கள். விளக்கு எரிவது போன்ற ஒன்று. விளக்கு, சாறு, விளக்கு, சாறு. சில நாளில் குரங்குக்குப் பழகிவிட்டது. அதன் பிறகு அந்த நரம்பணுக்கள் சாறு விழும்போது சும்மா இருந்தன. விளக்கு எரிந்தபோதே துடித்துவிட்டன.

இன்னொன்றும் நடந்தது. விளக்கை எரியவிட்டுச் சாற்றைக் கொடுக்காமல் விட்டார்கள். சாறு வந்திருக்க வேண்டிய அதே நேரத்தில், அந்த நரம்பணுக்கள் வழக்கமாகத் துடிக்கும் மெல்லிய துடிப்பையும் நிறுத்திக்கொண்டன. வராத சாற்றின் நேரம்கூட மூளைக்குத் தெரிந்திருக்கிறது! என் புளி டின்னும் அந்தக் குரங்கின் வராத சாறும் ஒன்றுதான். 1997ஆம் ஆண்டு ஷுல்ட்ஸும் பீட்டர் டயன், ரீட் மாண்டேகு ஆகிய இருவரும் சேர்ந்து 'சயன்ஸ்' இதழில் இதை ஒரு கணக்காக எழுதிக் காட்டினார்கள். கணினிக்குத் தவறுகளிலிருந்து கற்கச் சொல்லிக்கொடுக்கும் முறை ஒன்று முன்பே இருந்தது. நரம்பணுக்களின் துடிப்பு அந்த முறையோடு அப்படியே பொருந்திவிட்டது. 2017இல் ஷுல்ட்ஸுக்கும் டயனுக்கும் ரே டோலன் என்பவருக்கும் மூளை ஆய்வுக்கான 'பிரெய்ன் பிரைஸ்' என்ற பரிசு கிடைத்தது.

ஆக, குறுகுறுப்பு இனிப்பிலிருந்து இனிப்பின் அறிகுறிக்கு இடம் மாறிவிடுகிறது. சீனப் புத்தாண்டுக் காலத்தில் பேரங்காடியில் அடுக்கிவைத்திருக்கும் சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்களைக் கண்டால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? எனக்கு அன்னாசி டார்ட்டின் வாசனை மூக்கிலேயே வந்துவிடும். டப்பா காலியாக இருந்தாலும் வரும். அந்தச் சிவப்பு மூடிதான் என் விளக்கு.

இந்தக் கணக்கைச் சிங்கப்பூரில் என் வயதுக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் எந்தப் பேராசிரியரும் இல்லை, மாமாக் கடைக்காரர். புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு தூண் ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கடை அது. பல கடைகளைத் தமிழ் முஸ்லிம்கள் நடத்தினார்கள். அவர்களை மாமா என்றுதான் கூப்பிடுவோம், அதனால்தான் மாமாக் கடை. பெட்டிக்கடை என்று சொன்னால் நம் கட்டுரைக்கு இன்னும் பொருத்தம்: கடையே ஒரு பெட்டி, இரவில் மூடிப் பூட்டினால் கதவுப் பலகைதான் தெரியும். காலையில் திறந்தால் மிட்டாய்ப் புட்டிகள், பத்திரிகைகள், தொங்கும் பிளாஸ்டிக் பந்துகள் என்று எல்லாம் வெளியே வழியும்.

அங்கே ஓர் அட்டை தொங்கும். அதற்குப் பெயர் டிக்காம் டிக்காம். மலாய் மொழியில் டிக்காம் என்றால் குத்துவது. நாமும் குத்துமதிப்பு என்று சொல்கிறோம். இரண்டு மொழிக்கும் குத்துவதில் ஏதோ ஒற்றுமை. அட்டையில் வரிசை வரிசையாகக் குட்டிக் காகிதங்களை மடித்து ஒட்டியிருப்பார்கள். காசு கொடுத்தால் நமக்குப் பிடித்த ஒன்றைப் பிய்த்துக்கொள்ளலாம். எங்கள் கடையில் 10 காசு. மடிப்பைப் பிரித்தால் உள்ளே ஓர் எண் இருக்கும். அந்த எண்ணுக்குரிய பொருள் நமக்கு: புளிப்பு மிட்டாய், பலூன், பிளாஸ்டிக் மோதிரம், இப்படி. அட்டையின் உச்சியில் எல்லாருக்கும் தெரியும்படி ஒரு பெரிய பரிசு. எங்கள் கடையில் அது மஞ்சள் நிறத் தண்ணீர்த் துப்பாக்கி.

என் அண்ணன் அதில் ஒரு விஞ்ஞானியாகவே இருந்தான். எந்தக் காகிதம் தடிமனாக இருக்கிறது, எது சற்று வெளுத்திருக்கிறது என்று கண்ணை இடுக்கிப் பார்ப்பான். பிய்த்ததும் பிரிக்க மாட்டான். கடைக்கு வெளியே போய், நடைபாதையில் உட்கார்ந்து, காகிதத்தை வெயிலுக்கு எதிரே பிடித்து எண் தெரிகிறதா என்று பார்ப்பான். 'சீக்கிரம் பிரி அண்ணா' என்று நான் குதிப்பேன். 'பொறு, பொறு' என்பான். மிட்டாய் விழுந்தால் இரண்டாக உடைத்து எனக்குப் பாதி தருவான். தின்று முடிக்க ஒரு நிமிடம் ஆகும். பிரிப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகும். பத்துக் காசுக்கு நாங்கள் வாங்கியது மிட்டாயை அல்ல, அந்த ஐந்து நிமிடத்தை என்று இப்போது தோன்றுகிறது.

ஷுல்ட்ஸ் குழுவினர் 2003இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு அண்ணனின் 'பொறு, பொறு'வுக்கு விளக்கம்போல் இருக்கிறது. இந்த முறை குரங்குகளுக்கு ஐந்து வகைப் படங்கள். ஒரு படம் வந்தால் சாறு கட்டாயம் உண்டு. ஒரு படம் வந்தால் கட்டாயம் இல்லை. மற்ற மூன்றும் நடுவில்: 100க்கு 25, 50, 75 தடவை சாறு கிடைக்கும். படம் தோன்றியதிலிருந்து முடிவு தெரியும்வரை உள்ள இடைவெளியில் நரம்பணுக்கள் என்ன செய்கின்றன என்று பார்த்தார்கள். கட்டாயம் உண்டு என்றபோதும் இல்லை என்றபோதும் இடைவெளியில் பெரிய மாற்றம் இல்லை. நடுவில் உள்ள மூன்றிலும், அதிலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றபோது மிக அதிகமாக, துடிப்பு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போய், முடிவு தெரியும் நேரத்தில் உச்சத்தில் இருந்தது. இந்த ஏற்றத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில் ஆய்வாளர்களுக்குள் விவாதம் உண்டு. ஆனாலும் பிறந்தநாள் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு குலுக்கிப் பார்த்த எவருக்கும் அந்தப் படிப்படியான ஏற்றம் புதிதாக இருக்காது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. முழுக்கத் தெரியாத பெட்டி யாருக்கும் பிடிப்பதில்லை. எம்ஆர்டி ரயில் நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் பையைக் கண்டால் திறந்து பார்க்கத் தோன்றாது, ஊழியரிடம் சொல்லத்தான் தோன்றும். உள்ளே இருப்பது நல்லது என்பது உறுதியாகத் தெரிய வேண்டும்; எந்த நல்லது என்பது மட்டும் தெரியாமல் இருக்க வேண்டும். நம் சமையலில் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு கொழுக்கட்டை. மாவு ஒரு மூடி. உள்ளே பூரணம் என்று தெரியும். தேங்காயும் வெல்லமுமா, எள்ளா, கடலைப்பருப்பா, கடிக்கும்வரை தெரியாது. மலாய்க்காரர்களின் ஒண்டே ஒண்டே இன்னும் குறும்பு. பச்சை உருண்டை, மேலே தேங்காய்த்துருவல், உள்ளே உருகிய பனைவெல்லம். முழுதாக வாயில் போட்டு மூடிக்கொண்டு கடிக்க வேண்டும். பாதியாகக் கடித்தவர் சட்டையைத் துவைக்க வேண்டியதுதான்.

டோபமைன் என்றதும் 'இன்ப ரசாயனம்' என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. அது சரியில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் என்ற ஆய்வாளர் எலிகளை வைத்து இதைப் பிரித்துக் காட்டினார். டோபமைன் ஏறக்குறைய முழுவதும் அற்றுப்போன எலிகள் உணவைத் தேடிப் போவதில்லை; எதிரே வைத்தாலும் தின்னாமல் கிடக்கும். ஆனால் வாயில் இனிப்பு நீரைத் துளியாக விட்டால், பிற எலிகளைப் போலவே நாக்கைச் சப்புக்கொட்டி இரசிக்கின்றன. வேண்டும் என்ற வேட்கை வேறு, இனிக்கிறது என்ற சுவைப்பு வேறு. இரண்டுக்கும் மூளையில் வெவ்வேறு ஏற்பாடு. டோபமைன் பெரும்பாலும் வேட்கையின் பக்கம் நிற்கிறது.

இதைப் படித்த பிறகு எனக்கு என் அண்ணன் மகளின் அலமாரி புரிந்தது. அவளுக்குப் பத்து வயது. ஈசூனில் பக்கத்துப் புளோக்கில் இருக்கிறார்கள். சனிக்கிழமைதோறும் என் வீட்டுக்கு வருவாள். அவள் அலமாரியில் கைப்பிடி அளவுப் பூனைப் பொம்மைகள் வரிசையாக நிற்கின்றன. எல்லாம் 'பிளைண்டு பாக்ஸ்' என்று விற்கும் பெட்டிகளிலிருந்து வந்தவை. எந்தப் பொம்மை என்று வெளியே எழுதியிருக்காது, திறந்தால்தான் தெரியும். திறக்கும் அரை நிமிடம் வீடே அதிரும். அதற்குப் பிறகு அந்தப் பொம்மையை அவள் எடுத்து விளையாடி நான் பார்த்ததில்லை.

இந்தப் பெட்டிகள் இப்போது ஊரெங்கும் இருக்கின்றன. ஜப்பானில் புத்தாண்டுக்குக் கடைகள் விற்கும் ஃபுகுபுகுரோ என்ற அதிர்ஷ்டப் பைகளும், காசு போட்டால் உருண்டைக் கூடு விழும் இயந்திரங்களும் இதற்கு மூத்தவை. 2010இல் பெய்ஜிங்கில் தொடங்கிய பாப் மார்ட் நிறுவனம் இதைப் பெரிய வணிகமாக்கியது. ஹாங்காங்கில் பிறந்த ஓவியர் காசிங் லுங் 2015இல் உருவாக்கிய லபுபு என்ற பல்லிளிக்கும் குட்டிப் பூதத்தைப் பைகளில் தொங்கவிட்டுக்கொண்டு போகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கு அதன் முகம் பிடிக்கவில்லை. அது என் குறை.

ஒரு சனிக்கிழமை அண்ணன் மகளை உட்காரவைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். பேரங்காடியில் அவள் விரும்பும் தொடரில் ஆறு பூனைகள். ஒரு பெட்டி 15 வெள்ளி. ஆறும் சம அளவில் கலந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆறு வகையும் சேர எத்தனை பெட்டி வாங்க வேண்டும்?

"ஆறு," என்றாள்.

முதல் பெட்டியில் எது வந்தாலும் புதிது. அதற்கு ஒரு பெட்டி போதும். இரண்டாவது புதிய பூனைக்கு, ஆறில் ஐந்து வாய்ப்பு, சராசரியாக 1.2 பெட்டி. மூன்றாவதற்கு 1.5. நான்காவதற்கு 2. ஐந்தாவதற்கு 3. கடைசி ஒன்றுக்கு மட்டும் 6 பெட்டி. கூட்டினால் 14.7. ஏறத்தாழ 15 பெட்டி, 220 வெள்ளிக்குச் சற்று மேல். கணக்கு வகுப்பில் இதைச் சீட்டுச் சேகரிப்பவர் புதிர் என்பார்கள். தொடரில் 12 வகை இருந்தால் விடை இதன் இரு மடங்கு அல்ல, 37ஐத் தாண்டிவிடும். சில தொடர்களில் 72 பெட்டிக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஓர் இரகசியப் பொம்மையும் இருக்கும். அப்படியானால் 72 பெட்டி வாங்கினால் கட்டாயம் கிடைத்துவிடுமா? ஒவ்வொன்றாக வெவ்வேறு இடத்தில் வாங்கினால், கிடைக்காமல் போகும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

அவள் தாளைப் பார்த்தாள். ஆறு பெட்டியும் அடங்கிய முழு அட்டைப்பெட்டியை ஒன்றாக வாங்கினால் எதுவும் இரட்டிப்பாக வராது, 90 வெள்ளியோடு முடிந்துவிடும், அப்படியே வாங்கித்தரட்டுமா என்று கேட்டேன். இலாபகரமான யோசனை என்றுதான் நினைத்தேன்.

"அப்படி வாங்கினால் எல்லாம் தெரிந்துவிடுமே அத்தை," என்றாள். "பிறகு எதற்குத் திறப்பது?"

ஷுல்ட்ஸின் குரங்குகள் சொன்னதையே அவளும் சொன்னாள். எனக்குத்தான் 14.7 வரை போக வேண்டியிருந்தது.

அவளும் கடையில் பெட்டியை எடுத்துக் காதருகே குலுக்குகிறாள், இரண்டு கையிலும் ஒவ்வொன்றை வைத்து எடை பார்க்கிறாள். அப்பனின் கை அப்படியே வந்திருக்கிறது. எடையில் வித்தியாசம் தெரியாமல் இருக்க உள்ளே கூடுதல் அட்டை வைக்கிறார்கள் என்று அவள் தோழி ஒருத்தி சொன்னாளாம். உண்மையோ பொய்யோ, அந்தத் தோழி பிழைத்துக்கொள்வாள்.

இந்தக் குறுகுறுப்பைச் சூதாட்டத்திலிருந்து பிரிக்கும் கோடு மெல்லியது. எத்தனை தடவைக்கு ஒரு முறை கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்காகப் புறாக்கள் ஓயாமல் பொத்தானைக் கொத்திக்கொண்டே இருக்கும் என்பதை பி.எஃப். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் காட்டிப் பல காலம் ஆகிவிட்டது. சூதாட்ட இயந்திரங்களுக்கு அடித்தளமும் அதுதான். சிங்கப்பூரில் 2018இல் மர்மப் பரிசுப் பெட்டிகளைத் தானியங்கி இயந்திரத்தில் வைத்து விற்றபோது, அது பொதுக் குலுக்குச்சீட்டுக்கு ஒப்பானது என்று காவல்துறை சொன்னது, விற்பனை நின்றது. 2022இல் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி சூதாட்டத்தைக் கண்காணிக்கத் தனி ஆணையம் தொடங்கியது. மாமாக் கடை டிக்காமையும் சேர்த்தால் என் அண்ணன் எத்தனை முறை மாட்டியிருப்பானோ தெரியாது. பிள்ளைகளுக்கு வாங்கிக்கொடுக்கும் பெற்றோருக்கு என்னிடம் ஒரே ஒரு யோசனை உண்டு: கடைக்குள் நுழையும் முன்பே எத்தனை பெட்டி என்று பேசி முடித்துவிடுங்கள். உள்ளே போன பிறகு பேசினால் நீங்களும் குலுக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

பெட்டி செய்கிறவர்களுக்கும் இந்த உளவியல் தெரியும். சீனர்களின் நடு இலையுதிர் விழா நெருங்கும்போது வரும் மூன்கேக் பெட்டிகளைப் பாருங்கள். உள்ளே பெரும்பாலும் நான்கே நான்கு. வெளியே நகைப்பெட்டிபோல் இழுப்பறை, காந்தப் பூட்டு, பட்டுத்துணி. நன்றாகச் செய்த கெட்டி அட்டைப்பெட்டியில் மேல்மூடி உடனே வராது. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே இடைவெளி நூலளவுதான். அதன் வழியாகக் காற்று உள்ளே புகுந்தால்தான் மூடி மேலே வரும். அதனால் மூடியைப் பிடித்துத் தூக்கினால் அடிப்பெட்டி 'ஸ்ஸ்ஸ்' என்று மூச்சுவிட்டபடி மெதுவாக இறங்குகிறது. இரண்டு மூன்று நொடிதான். அந்த இரண்டு மூன்று நொடியில் கழித்தல் கணக்கு உச்சத்துக்குப் போகிறது. கேக்கைத் தின்றுவிட்டுப் பெட்டியைத் தூக்கிப்போட மனம் வராமல் தையல் நூல் வைத்துக்கொள்வார்கள். பிறகு அந்த வீட்டுப் பிள்ளை ஒரு நாள் அதைத் திறக்கும். சுற்றிச் சுற்றி என் புளிக் கதைக்கே வருகிறது.

கண்ணுக்கு முன்னால் காது முந்திக்கொள்ளும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆக்ஸ்ஃபர்டில் சார்ல்ஸ் ஸ்பென்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளியும் உருளைக்கிழங்கு வறுவலைக் கடிக்கும் ஓசையை ஒலிபெருக்கிக் காதுக்கருவியில் கேட்கவைத்தார்கள். ஓசையைக் கூட்டியபோது, அதே வறுவல் இன்னும் மொறுமொறுப்பாக இருப்பதாகத் தின்றவர்கள் சொன்னார்கள். 2008இல் இதற்கு இக் நோபெல் என்ற வேடிக்கைப் பரிசு கொடுத்தார்கள். முறுக்கு டப்பாவைக் குலுக்கிப் பார்த்து வாங்கும் எங்கள் பெரியம்மாவுக்கு எந்தப் பரிசும் கொடுக்கவில்லை.

கடையில் வாங்காத பெட்டியும் ஒன்று இருக்கிறது. எனக்கு அதுதான் பிடித்தது.

எங்கள் மாடியில் இரண்டு வீடு தள்ளி ஒரு மக்சிக், அதாவது மூத்த மலாய்ப் பெண்மணி, இருக்கிறார். அவருக்கும் எனக்கும் நடுவே பத்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே டப்பா போய்வந்துகொண்டிருக்கிறது. உருளை வடிவ டப்பா, சிவப்புத் திருகு மூடி. முதலில் அது என்னோடு வேலை பார்த்த சீனத் தோழி சீனப் புத்தாண்டுக்கு அன்னாசி டார்ட் போட்டுக் கொடுத்தது. தீபாவளிக்கு நான் அதில் முறுக்கு நிரப்பி மக்சிக்குக்குக் கொடுத்தேன். நோன்புப் பெருநாளன்று அது திரும்பி வந்தது, உள்ளே ஏதோ இருந்தது. வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்பது எங்கள் அம்மாவின் சட்டம். வேறொன்றும் இல்லாவிட்டால் ஒரு கைப்பிடிச் சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவார். மக்சிக்கின் அம்மாவும் அதையே சொல்லியிருக்க வேண்டும்.

மக்சிக் கொடுப்பதில் ஒரு கலை உண்டு. டப்பாவை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, காதுகளை முடிச்சிட்டு, கதவுக் கம்பியில் மாட்டிவிட்டு அழைப்புமணியை ஒரே ஒரு தடவை அடிப்பார். நான் கதவைத் திறக்கும்போது அவர் தம் வீட்டு வாசலை எட்டியிருப்பார். கையை ஆட்டுவார். கொடுத்தவர் முன்னால் திறந்து பார்ப்பது மரியாதை இல்லை என்று அவர்களும் நினைக்கிறார்கள், நாமும் நினைக்கிறோம். கதவைச் சாத்திய பிறகுதான் முடிச்சை அவிழ்ப்பேன். ஓர் ஆண்டு கடலை பிஸ்கட். ஓர் ஆண்டு வாயில் போட்டதும் மாவாக உதிரும் வெள்ளை பிஸ்கட். ஒரு தடவை மேலே பிஸ்கட்டும் அடியில், எண்ணெய்த்தாளில் சுற்றி, குட்டிக் குட்டிச் சமோசாக்களும் இருந்தன. உலர்ந்த இறால் பூரணம். அன்று இரவு நானும் என் கணவரும் பிஸ்கட்டைத் தொடவே இல்லை.

இதில் 72க்கு ஒன்று என்ற கணக்கெல்லாம் கிடையாது. நல்லது என்பது மட்டும் உறுதி. ஆனால் என் பக்கத்தில் ஒரு கோளாறு நடந்துவிட்டதைச் சென்ற தீபாவளியில்தான் கவனித்தேன். டப்பாவை எடுத்துக்கொண்டு போனபோது கதவைத் திறந்தவன் மக்சிக்கின் பேரன். எட்டு வயதிருக்கும். டப்பாவை வாங்கினான், திறக்காமலே உள்ளே திரும்பி, "நெனெக், முறுக்கு!" என்று கத்தினான். பாட்டியைக் கூப்பிடுகிறான். பத்து ஆண்டாக முறுக்கு. நான் கதவு மணியை அடித்தாலே அவனுக்கு விளக்கு எரிந்துவிடுகிறது. டப்பா கைக்கு வரும்போது மிச்சம் இருப்பது பூச்சியம்.

இந்த ஆண்டு அண்ணன் மகளும் நானும் ஒரு சனிக்கிழமை மாலை திட்டம் போட்டோம். கேம்பல் லேன் தீபாவளிச் சந்தைக்குப் போய்விட்டு வந்த களைப்பில், தரையில் காகிதம் விரித்து உட்கார்ந்தோம். டப்பாவின் அடியில் அதிரசம் ஆறு. வெண்ணெய்த்தாளில் தனித்தனியாகச் சுற்றியது. அதிரசம் மெத்தென்று இருக்கும், குலுக்கினால் சத்தம் போடாது. அதற்கு மேல் அட்டையை வட்டமாக வெட்டி ஒரு தட்டு. தட்டுக்கு மேல் ஒரே ஓர் அடுக்கு முறுக்கு. அட்டை ஆடாமல் இருக்கிறதா என்று அவள் நான்கு தடவை குலுக்கிப் பார்த்தாள். பெயர் எழுதி ஒட்டலாமா என்று நான் கேட்டதற்கு, என்னை அவள் பார்த்த பார்வை இருக்கிறதே!

இருவரும் போனோம். அதே பேரன்தான் வந்தான். ஓர் ஆண்டில் நன்றாக உயர்ந்துவிட்டான். டப்பாவை வாங்கி, காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினான்.

"முறுக்கு," என்றான், சற்றுச் சலிப்பாகத்தான்.

அண்ணன் மகள் என் விரலை நெரித்தாள். நான் 'ஆமாம்' என்று தலையாட்டினேன். கதவு சாத்தியது. மின்தூக்கிவரை ஓசையில்லாமல் நடந்து, அங்கேயே நின்று காதைத் தீட்டிக்கொண்டோம். மின்தூக்கி வந்து, திறந்து, யாரும் ஏறாமல் மூடிக்கொண்டு போனது. அவள் அசையவில்லை. "பொறுங்கள் அத்தை," என்றாள்.